மூச்சை இழுத்துப் பிடிங்க

இல்லம்மா, எக்கோ எடுக்கறது வலிக்கவே வலிக்காது. உங்கப்பாகிட்ட சொல்லுங்க, ஊசி கீசி எதுவும் கிடையாது. இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்வாங்க. நெஞ்சுல கொழகொழன்னு எதையோ தடவுவாங்க, அது மட்டும் சில்லுனு இருக்கும். அப்புறம் ஒரு கருவிய வச்சு அழுத்தி அழுத்திப் பாப்பாங்க, இதயம் எப்படி வேலை செய்யுதுன்னு திரையில தெரிஞ்சிடும். கேக்குதா, மூச்சை இழுத்துப் பிடிங்கன்னு? உள்ள படுத்திருக்கறது என் தம்பி.

டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக்குடுக்கறவன். பதினாலு வருஷமா பக்கத்து சீட்ல உக்காந்து அடுத்தவங்களுக்காக பிரேக் மிதிச்சே பழகிட்டான். நான் ரோட்டைக் கடந்தாக்கூட அவன் கால் தரைய மிதிக்கும். ரெண்டு கிட்னியும் போயி மூணு வருஷமாச்சு. வாரம் மூணு தடவை டயாலிசிஸ்.

ஆமா, கிட்னி மாத்தறதுக்குத்தான் இந்த டெஸ்டெல்லாம். குடுக்கப்போறது நான்தான், வேற யாருக்கும் பொருந்தல. எங்க வீட்டுக்காரர் ஒரு வாரம் முகம் குடுத்துப் பேசல. எம் பொண்ணு, உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எனக்கு யாரும்மான்னு தட்டைத் தள்ளிட்டா. எனக்கும் உசுரு வெல்லம்தானே.

இது ரெண்டாவது தடவை. போன மாசம் எடுத்த எக்கோ மோசமா வந்துச்சு. இதயம் வீங்கியிருக்கு, பம்பிங் அம்பதுக்கு மேல இருக்கணுமாம், முப்பத்தஞ்சுதான் இருந்துச்சு, வால்வுல கசிவு வேற. இந்த நெஞ்சை வச்சுக்கிட்டு ஆபரேஷன் முடியாதுன்னுட்டாங்க. லிஃப்ட்ல வரும்போது அவன் எனக்கு ஆறுதல் சொல்றான். விடுக்கா, உன் உடம்புல கத்தி படாம போச்சே, அதுவே போதும்னு.

போன வாரம் எம் பொண்ணைக் கூப்பிட்டு உக்கார வச்சான். உனக்குப் பதினெட்டு ஆனதும் வண்டி கத்துக்குடுக்கலாம்னு இருந்தேன், இப்ப வாயாலயே சொல்லிடறேன், எழுதிக்கோன்னான். கிளட்ச், கியர், மேட்டுல வண்டி பின்னால வந்தா என்ன பண்ணணும்னு, பத்துப் பக்கம். அந்த நோட்டைப் பாத்தப்புறம் எனக்கு சோறு இறங்கல. நானே டாக்டர்கிட்ட போயி நின்னேன், இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கன்னு.

உங்கப்பாவுக்கும் டயாலிசிஸ்தானே, கடைசியா எப்ப ஆச்சு? சனிக்கிழமையா? இன்னைக்கு செவ்வாயாச்சேம்மா. அப்ப இப்ப எடுக்காதீங்க. மூணு நாள் தண்ணி உடம்புல தேங்கி நிக்குது, காலைப் பாருங்க, விரல் பதிஞ்ச பள்ளம் அப்படியே இருக்கு. இந்த நேரத்துல எடுத்தா இதயம் உப்பித்தான் தெரியும். டயாலிசிஸ்ல தண்ணிய எடுத்த மறுநாள் பாத்தாத்தான் அதோட நெசமான பலம் தெரியும். அலைச்சல்தான், தெரியும். இன்னைக்கு டயாலிசிஸ முடிச்சுட்டு நாளைக்கு வாங்க. டயாலிசிஸ் எப்பன்னு உள்ளருந்து கேப்பாங்க, உள்ளதைச் சொல்லுங்க.

இருங்க, எக்கோ எடுக்கற பொண்ணு கதவைத் திறக்குது.

என்னம்மா, எவ்ளோ? அம்பத்திரெண்டா? கசிவும் கொறஞ்சிருக்கா. சரிம்மா, சரி. டாக்டர் பாத்துட்டுத் தேதி சொல்வாரா? சரி. அவன் சட்டையப் போட்டுக்கிட்டு வரட்டும்.

ஒண்ணுமில்ல, கொஞ்சம் உக்காந்துக்கறேன். தண்ணி வேணாம்மா. ஒரே மாசத்துல எப்படி ஏறுச்சுன்னா? இதயம் ஏறல, அன்னைக்கும் இதே இதயம்தான். நான் உங்ககிட்ட இப்ப சொன்னதெல்லாம் எக்கோ எடுக்கற இந்தப் பொண்ணு போன மாசம் என்கிட்ட சொன்னதுதான், இதே கதவுகிட்ட நின்னு. தம்பி உள்ள போயிப் படுத்துட்டான். டயாலிசிஸ் முடிஞ்சு எத்தனை நாளாச்சுன்னு கேட்டுச்சு, நாளாச்சுன்னா இன்னைக்கு வேணாம்னும் சொல்லுச்சு. அன்னைக்கு முடிஞ்சு மூணு நாளாகியிருந்துச்சு. நான் நேத்துதான்னு சொல்லிட்டேன்.

அவனுக்குத் தெரியாது. இப்ப வருவான், சொல்லணும்.