முடிக்குச் சொந்தக்காரர்

தாட்சாயணி: ...இன்னிக்குக் காலைல மட்டும் இவ்ளோ முடி டாக்டரய்யா. இவரு தலைகாணி மேல கெடந்தது. துணில முடிஞ்சி கொண்டாந்துருக்கேன், பாருங்க.

டாக்டர்: ஏம்மா, நான் மூட்டையப் பாக்கறதா, உன் ஊட்டுக்காரர் தலையப் பாக்கறதா?

முனிரத்தினம்: அவ அப்டித்தான் சாமி. நான் நடந்தா பின்னாலயே வந்து பொறுக்கிக்கினு இருக்கா.

டாக்டர்: தலப்பாவ அவுத்துடு முனிரத்தினம். ம்... எப்பத்துலேந்து கொட்டுது?

முனிரத்தினம்: கார்த்திகை பொறந்ததுலேந்து. எல்லாம் இந்த எல்லைத் தகராறுதான் சாமி. எங்க விஜயபுரம் ஆந்திராவா மெட்ராஸ் ராஜ்யமான்னு இன்னும் முடிவே ஆவல. அந்த ரோசனைலயே கெடந்தா தலைல முடி நிக்குமா?

டாக்டர்: மொட்டத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடாத. கவலைல முடி கொட்டும், இல்லேங்கல. ஆனா உன் மூஞ்சப் பாத்தா தூக்கம் கெட்ட ஆளாத் தெரியலியே.

தாட்சாயணி: தூக்கமா? இடி வுழுந்தாலும் எழுந்துக்க மாட்டாரு.

முனிரத்தினம்: ஏமே, நீ சும்மா இரு...

தாட்சாயணி: நான் கெணத்துத் தண்ணின்னு நெனச்சேன் டாக்டரய்யா. உப்புத் தண்ணி.

டாக்டர்: அந்தத் தண்ணிலதான நீயும் குளிக்கிறே? உன் கொண்டை தேங்கா மாதிரி இருக்குது. தண்ணியால கொட்டுனா ஊரே மொட்டையா இல்ல திரியணும்?

முனிரத்தினம்: தலப்பா கட்றதால சூடு ஏறி...

டாக்டர்: தலப்பாவும் இல்ல. உங்க நைனாவுக்கு வழுக்கையா?

முனிரத்தினம்: நைனாவுக்கு சாவறப்பகூட சுருட்ட முடி சாமி. மாமனுக்குத்தான் தலை... வெயில்ல பாத்தா கண்ணு கூசும்.

தாட்சாயணி: அந்த மாமன் தலைதான் இவருக்கும் வந்துடுச்சா?

டாக்டர்: அம்மா வழியும் வரும், அப்பா வழியும் வரும். ஆனா வழுக்கை அப்டி ஒரேயடியா வராது. நெத்தி மொதல்ல மேல ஏறும், அப்பால உச்சி. வருஷக்கணக்கா ஆவும். இவருக்குத் தலை பூராவும்ல மெலிஞ்சிருக்கு.

தாட்சாயணி: அப்ப புழுவெட்டு! நான் சொல்லல? வெங்காயத்த அரைச்சித் தேய்ச்சேன், ஊடே நாறுதுன்னு கத்தனாரு...

முனிரத்தினம்: நாலு நாளு பசு மாடுகூட கிட்ட வரல சாமி!

டாக்டர்: புழுவெட்டுன்னா காசு காசா, வட்டமா விழும். இது அது இல்ல. படையும் இல்ல, பொடுகும் இல்ல. குனி... கொஞ்சம் இழுத்துப் பாக்கறேன்.

முனிரத்தினம்: ஐயோ! இழுக்காதீங்க சாமி! இருக்கறதும் பூடும்!

டாக்டர்: ஏமய்யா! கைய வுடு. நாலு முடிக்கு இந்தக் கூச்சலா?

தாட்சாயணி: மெதுவா டாக்டரய்யா... மெதுவா...

டாக்டர்: பொண்ணு பாக்கப் போற புள்ள மாதிரி பயப்படறியே. ரெண்டாங் கல்யாணமா?

தாட்சாயணி: இந்த மூஞ்சிக்கு நான் ஒருத்தி கெடச்சதே ஜாஸ்தி.

டாக்டர்: சரி... வேரு வெள்ளையா, முழுசா வருது. ஆவணி மாசம் ஒடம்புக்கு ஏதாவது வந்துச்சா? ஜுரம் கிரம்?

முனிரத்தினம்: ஆமா... டைபாய்டு. பாயோட பாயாக் கெடந்தேன். ஆனா அது எப்பவோ போச்சே.

டாக்டர்: அங்கதான் எல்லாரும் ஏமாந்துபூடறாங்க. ஜுரம் அன்னிக்கு முடி கொட்டாது. ஒடம்பு அடி வாங்குனா, முடி வளரறத நிறுத்திக்கும். ரெண்டு மூணு மாசம் கழிச்சித்தான் மொத்தமா உதுரும். அதுக்குள்ள ஜுரத்த மறந்துட்டு தண்ணியத் திட்டுவீங்க, தலப்பாவத் திட்டுவீங்க, எல்லையத் திட்டுவீங்க.

தாட்சாயணி: எனக்கும் புள்ள பெத்து மூணாம் மாசம் கொட்டிச்சி. மாமியா கண்ணு பட்டுச்சின்னு நெனச்சேன்...

முனிரத்தினம்: எங்கம்மாவையா!

டாக்டர்: அதும் இதே கதைதான். பாவம், மாமியார வுட்டுடு. ஜுரம் போனப்புறம் இன்னா துன்னாரு?

தாட்சாயணி: கஞ்சிதான். பத்தியம்.

டாக்டர்: இன்னும் கஞ்சியா? அப்ப முடி எதத் துன்னு வளரும்? முட்டை குடு, கீரை குடு. உங்க கொல்லைல வேர்க்கடலை இல்ல?

முனிரத்தினம்: மூட்டை மூட்டையா இருக்குது. தொட வுட மாட்டேங்கறா.

டாக்டர்: துன்னு. தை, மாசில கொட்டறது நிக்கும். அப்பால தானா மொளைக்கும், மருந்தே வாணாம். இந்தத் துணிய அந்தக் கூடைல போட்டுட்டு...

முனிரத்தினம்: போட்றாதீங்க! குடுங்க இங்க!

டாக்டர்: கொட்டுன முடிய வெச்சிக்கினு இன்னாயா பண்ணுவே?

முனிரத்தினம்: அது... என் முடி இல்ல சாமி.

டாக்டர்: உன் தலகாணில ஆரு முடி?

முனிரத்தினம்: முருகனுது. ஊரு மெட்ராஸுக்குப் போனா திருத்தணில மொட்ட போட்டுக்கறேன்னு ஆடிக் கிருத்திகைல நேந்துக்கினேன். தீர்ப்பு வர்றதுக்குள்ள எல்லாம் கொட்டிட்டா சாமிக்கு இன்னாத்தக் குடுக்கறது? வெறுந்தலையக் காட்டுனா ஒத்துக்குமா?

டாக்டர்: ஹஹ்ஹா! அய்யோ ராமா... ஏம்பா, திருத்தணி முருகனே இப்ப ஆந்திராலதான இருக்காரு!

முனிரத்தினம்: அதான் சாமி. அவருக்கும் போவணும்னு இருக்கும்ல? சேந்து போயிடலாம்னு.

டாக்டர்: அங்க போயி இன்னா பண்ணப் போற?

முனிரத்தினம்: என் பையன் தமிழ்ல படிப்பான். தாலுக்கா ஆபீசுல தெலுங்குல எழுதிக் குடுத்தா, என் நெலமா பக்கத்தூட்டான் நெலமான்னு தெரியாம முழிக்கிறேன் சாமி. அவமானமா கீது.

டாக்டர்: நியாயந்தான். ஆனா முடிக்கு மட்டும் என்ன மாதிரி தெலுங்கு டாக்டர் வேணுமா?

முனிரத்தினம்: முடிக்கு ஏது சாமி பாஷை.

டாக்டர்: இந்த வேண்டுதல் உனக்குத் தெரியுமாம்மா?

தாட்சாயணி: எனக்கா... எனக்கு எப்டித் தெரியும்.

டாக்டர்: சரி, ஊரு இங்கயே நின்னுட்டா?

முனிரத்தினம்: நின்னுட்டா முடி எனக்கு! அழுதுக்கினே போயி டவுன்ல கிராப்பு வெட்டிக்குவேன்.

டாக்டர்: கெட்டிக்காரன்யா நீ... இன்னாம்மா? வளரும்னு சொல்லிட்டேன், நீ ஏன் கண்ணத் தொடைக்கிறே?

முனிரத்தினம்: எம்மேல உசுரு சாமி. பக்கத்துல நகரி ஊர்லயே டாக்டர் இருக்காருன்னேன். கேக்கல. திருப்பதிக்குத்தான் போவணும்னு பஸ் ஏத்திட்டா.

தாட்சாயணி: டாக்டருக்கு மட்டும் இல்ல... அப்டியே திருச்சானூர்ல எங்கம்மாவையும் பாத்துட்டுப் போலாம்னுதான்.

முனிரத்தினம்: பாக்கலாம்மே. அதுக்கு ஏன் அழுவறே?

தாட்சாயணி: எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியல. என் கொரலக் கேட்டாத்தான் சோறு துன்னுது. ஊரு அந்தப் பக்கம் பூட்டா, நடுவுல பஸ்ஸ நிறுத்தி பர்மிட் சீட்டு கேப்பாங்களாம். சீட்டு இல்லாதவள எறக்கி வுட்டுருவாங்களாம். அது செத்தாக்கூட நான் வந்து சேர மாட்டேன்...

முனிரத்தினம்: ஆரு சொன்னது? பக்கத்தூட்டு கோவர்த்தனனா? அவன் வாய்ல மண்ணு வுழ. அப்டிலாம் நிறுத்த மாட்டாங்க. இத ஏன் எங்கிட்ட சொல்லல நீ?

தாட்சாயணி: நீ கொடி புடிச்சிக்கினு ஊர்வலம் போறே. ஊரே மெட்ராஸ் மெட்ராஸ்னு கத்துது. நான் மட்டும் இங்கியே இருக்கலாம்னா, நீ இன்னா சொல்லிருப்பே?

முனிரத்தினம்: ...கத்தியிருப்பேன்.

டாக்டர்: ஆக, இவர்கிட்ட சொல்லல. மனசுலயே வெச்சிக்கினியா?

தாட்சாயணி: சொல்லிட்டேன் டாக்டரய்யா. பஞ்சமி தீர்த்தத் திருவிழாவுக்கு வந்தப்ப, திருச்சானூர்த் தாயார்கிட்ட.

முனிரத்தினம்: ...இன்னான்னு சொன்னே?

தாட்சாயணி: ஊரு எங்கியும் போவ வாணாம் தாயே, மலை மேல இருக்கற உன் ஊட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுன்னேன்... சொன்னா, என் ஊட்டுக்காரர் முடிய உன் ஊட்டுக்காரருக்கே குடுத்துடறேன்னு.