விதைப்பு முடியும்வரை டோலி தூக்க மாட்டோம்

தலைமை நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் ஊர்ப் பட்டக்காரர் அர்த்தனாரி அவர்களே! நம் மலையின் திருப்புலி நாட்டிலிருந்து வெயில் சாயுமுன் வந்து சேர்ந்த பெரியோர்களே! பைல் நாட்டுப் பங்காளிகளே! இடுப்பில் பிள்ளையும் தலையில் விறகுமாக நிற்கும் என் தாய்மார்களே! முதலில் அந்த விறகை இறக்குங்கள். என் பேச்சு சிறியது; என் கோபம் பெரியது. எல்லோருக்கும் சென்னம்மாளின் கும்பிடு!

பங்குனி முடியப் போகிறது. கீழே வெயில் கொளுத்துகிறது. வெள்ளைக்காரத் துரை குடும்பம் குளிர் தேடி நம் மலை பங்களாவுக்கு வருகிறதாம். சித்திரை பிறந்ததும் வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளை அடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்கு இறங்கி, டோலியும் மூட்டையும் சுமந்து வர வேண்டுமாம். உத்தரவு வந்துவிட்டது. போவதா, மறுப்பதா? அதைத் தீர்க்கத்தான் கூடியிருக்கிறோம்.

கேட்கிறேன்: சித்திரை யாருடைய மாதம்? கீழே இருப்பவர்களுக்கு அது வியர்க்கும் மாதம். நமக்கோ அது விதைக்கும் மாதம்! மலை முகட்டில் மேகம் கறுத்து, ஆலங்கட்டியோடு கோடை மழை கொட்டினால், ஈரம் காயுமுன் உழ வேண்டும்; உழுத கையோடு சாமை தெளிக்க வேண்டும். அந்த ஈரம் யாருக்காவது காத்திருக்குமா? துரைக்குக் காத்திருக்குமா? துரைசானிக்குக் காத்திருக்குமா?

என் மூத்த மகன் வயிற்றில் இருந்த வருஷம் இதே உத்தரவு வந்தது. எங்கள் வீட்டுக்காரர், "போயிட்டு வெரசா வந்தர்றேன் கண்ணு" என்று இறங்கிப் போனார். அவர் தலையில் ஏற்றியது என்ன தெரியுமா? துரை குளிக்கிற தகரத் தொட்டி! நான்கு பேர் அதைக் கவிழ்த்துத் தலைமேல் தாங்கிப் பாதி மலை ஏறும்போது பிடித்தது பாருங்கள் மழை! எங்கள் காட்டை நனைத்த அந்த மழையை, எங்கள் ஆண்கள் தொட்டிக்கடியில் நின்று கேட்டார்கள். தகரம் கொட்டு முழக்கியது. கால் நகரவில்லை.

சிரிக்காதீர்கள். மிச்சத்தையும் கேளுங்கள்.

நான் மாட்டைப் பூட்டினேன். இந்த அர்த்தனாரியின் அப்பா சின்னக்கண்ணுப் பட்டக்காரர் வரப்பில் வந்து நின்றார்.

"ஏருல இருந்து கைய எடு புள்ள! பொம்பள ஏர் புடிச்சா மழை ஓடிப்போயிரும்."

"அப்பொ எங்க ஊட்டு ஆம்பளைய அனுப்புங்க. கைய எடுக்கறேனுங்க."

"வாய் ரொம்ப நீளம் உனக்கு!"

மாட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டே போய்விட்டார். அவர் காடு மட்டும் அன்று பொழுது சாயுமுன் விதைப்பாகிவிட்டது, ஏனென்றால் அவர் வீட்டிலிருந்து ஓர் ஆளும் சுமக்கப் போகவில்லை! நாங்கள் அடுத்த மழைக்குக் காத்திருந்து விதைத்தோம். பூத்த கதிரில் ஐப்பசி அடைமழை விழுந்தது. அறுத்தோம், அடித்தோம், புடைத்தோம், பறந்ததெல்லாம் பதர். கைப்பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு காட்டுவள்ளிக் கிழங்கு தோண்டினேன்.

தலை குனியாதே அர்த்தனாரி! அப்போது நீ தூளியில் கிடந்தாய். உன்மேல் கோபமில்லை சாமி. உன் அப்பாமேல் உண்டு. அவர் செத்த பிறகும் உண்டு.

அங்கே என்ன கருப்பண்ணா, முனகல்? "தொர கோவிச்சுக்குவாருங்களே" என்கிறாயா? கோபித்துக்கொள்ளட்டும்! கோபத்துக்கு நம் மலைக்காற்று நல்லது, வந்து வாங்கிக்கொள்ளட்டும்!

துரையை வராதே என்றா சொல்கிறோம்? அவர் தேடிவரும் குளிர் வைகாசியிலும் இங்கேதான் இருக்கும். குளிர் எங்கேயும் ஓடாது; ஈரம் ஓடிவிடும்! குளிருக்காக ஈரத்தை இழப்போமா? அவர் மேனி வியர்க்கக் கூடாதென்று நம் பிள்ளை வயிறு காய வேண்டுமா? மாட்டோம்! முதல் மழைக்கு முன் இறங்க மாட்டோம்! கடைசிக் காடு விதைபடும்வரை இறங்க மாட்டோம்! அடித்தாலும் இறங்க மாட்டோம், அழைத்தாலும் இறங்க மாட்டோம்!

பட்டக்காரரே, இனி உங்கள் முறை. எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். உங்கள் சொல் என்ன?

என்ன சொன்னீர்கள்? உரக்கச் சொல்லுங்கள், விறகோடு நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும்.

"விதைப்பு முடியறவரைக்கும் யாரும் எறங்க வேண்டாமுங்க ஆத்தா. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

கேட்டீர்களா? அவர் அப்பா சொல்லாத சொல்!

நாளை சந்தை. பங்களா குமாஸ்தா பேளுக்குறிச்சியில் இருப்பார். யாரும் பயப்பட வேண்டாம். நானே இறங்கிப்போய் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருகிறேன். கூட வருகிறவர்கள் கோழி கூவும்போது கிளம்பலாம். வராதவர்களையும் நான் மறக்க மாட்டேன். என் ஞாபகம் உங்களுக்குத் தெரியும்.

கால் கடுக்க நின்று கேட்ட எல்லோருக்கும் நன்றி. வீட்டுக்குப் போய்க் கலப்பைக்குக் கொழு பூட்டுங்கள். வணக்கம்!