எட்டு பேரும் சரியா இருக்காங்க

...ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல சார்? வாயை என்ன வாடகைக்கா விட்டிருக்குதுங்க? எல்லாம் படிச்ச புள்ளைங்க. மூணு பரீட்சை எழுதி, ரெண்டு இன்டர்வியூ தாண்டி, எம்பிஏ படிக்க வந்ததுங்க. நாளைக்குப் பெரிய பெரிய கம்பெனியைக் கட்டி மேய்க்கப் போறதுங்க. ஒரு பொம்பளை ஆரஞ்சு கோட்டு போட்டுக்கிட்டு காலேஜ் வாசல்ல நிக்கிறா, கழுத்துல விசில் தொங்குது... உடனே அவதான் கைடுன்னு முடிவு கட்டிடறதா? நானும் அந்த எட்டு பேர்ல ஒருத்தி சார்! அதே கிளாஸ், அதே ஃபீஸ், அதே அடையாள அட்டை!

என்னது? மோவாயை இதுமேல வைக்கணுமா? வச்சாச்சு. ஆடக் கூடாதா? ஆடல. பேசக் கூடாதா?... அது கொஞ்சம் கஷ்டம். சரி, மெதுவா பேசறேன்.

எனக்கு கண்ணாடி இன்னைக்கே வேணும் சார். நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்கு முதல் வகுப்பு. பழைய கண்ணாடி எங்கேன்னு கேக்கறீங்க, அதானே? அது ஆத்துல இருக்கு. ஏதாவது மீனு போட்டுக்கிட்டு தெளிவா பாத்துக்கிட்டு இருக்கும்.

அதைத்தானே சொல்ல வரேன்! காலேஜ்லேர்ந்து ஒரு மெயில் வந்துச்சு. வகுப்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மூணு நாள் சாகசப் பயணமாம். மலை ஏறணுமாம், ரப்பர் படகுல ஆத்துல போகணுமாம். எட்டு எட்டு பேரா பிரிச்சு, கூட ஒரு கைடு போட்டு அனுப்புவாங்களாம். எதுக்குன்னா, ஒருத்தரை ஒருத்தர் புரிஞ்சுக்கறதுக்காம்! ஏன், ஒரு ரூம்ல உக்கார வச்சு ஆளுக்கொரு டீ குடுத்தா புரிஞ்சுக்க மாட்டோமா? இதுல ஒரு சட்டம் வேற. கடைசி நாள் சாயந்திரம் வரைக்கும் யாரும் முன்னாடி என்ன வேலை பாத்தோம்னு சொல்லக் கூடாது. வயசு சொல்லக் கூடாது. வயசைச் சொல்லாம இருக்கறது ஒண்ணும் கஷ்டமில்ல சார், ஆனா மூஞ்சி சொல்லிடுதே! எனக்கு நாப்பத்தியொண்ணு. மத்ததுங்க எல்லாம் இருவத்தி நாலு, இருவத்தஞ்சு.

வட்டம் எந்தப் பக்கம் தொறந்திருக்குன்னா? மேல. இது வலது. இது... கீழ. இது வட்டமே இல்ல சார், ஏதோ எறும்பு.

எதுல விட்டேன்? ஆங், கோட்டு. "பளிச்சுன்னு தெரியற மேல்கோட்டு கொண்டு வரவும்"னு லிஸ்ட்ல போட்டிருந்துச்சு. என்கிட்ட டிப்போ கோட்டு இருந்துச்சு. பஸ் டிப்போல டைம் கீப்பர் சார் நான், பதினாறு வருஷம். எந்த பஸ்ஸு எத்தனை மணிக்குக் கெளம்பணும், எந்த டிரைவர் இன்னும் டீக்கடையில நிக்கிறான், எல்லாம் என் விசில்லதான் இருக்கும். நான் ஊதாம ஒரு பஸ்ஸு வெளிய போனதில்ல. அஞ்சரை மணிக்கு வாசலுக்கு வாங்கன்னா, நான் நாலே முக்காலுக்கே போய் நின்னேன். பழக்கம்! ஒவ்வொண்ணா வந்துச்சுங்க, தூக்கக் கலக்கத்துல. பையை நடு வழியில போட்டா சும்மா இருக்க முடியுமா? "பெரிய பை அடியில, சின்ன பை மேல, தண்ணி பாட்டில் கையில!" ஊதினேன் விசிலை. ஒழுங்கா வரிசையில நின்னுச்சுங்க. தலையை எண்ணினேன். எட்டு. லிஸ்ட்லயும் எட்டு. வேன் டிரைவர் வந்தாரு, "பொறுப்பு யாரு?"ன்னாரு. அத்தனை விரலும் என் பக்கம் திரும்பிச்சு சார். அவரு ஒரு கவரைக் கையில குடுத்துட்டு வண்டியில ஏறிட்டாரு. உள்ள மேப்பு.

அப்பவாவது சொல்லியிருக்கலாம்ங்கறீங்களா? சொல்லியிருக்கலாம்தான். நீங்க சுலபமா சொல்லிடுவீங்க. பதினாறு வருஷமா எனக்கு முன்னாடி அப்படி ஒரு நேர் வரிசை நின்னதில்ல சார். எங்க டிரைவர்ங்களை நீங்க பாத்ததில்ல!

எண்ணிக்கை எப்படி எட்டு வந்துச்சுன்னு கேளுங்க. என்னை நான் எண்ணல. ஏழு பேரு எங்க ஆளுங்க. எட்டாவதா ஒரு பொண்ணு, ஒல்லியா, குருவியாட்டம், ஒரு ஓரமா நின்னுச்சு. கடைசியா ஓடி வந்து மூச்சு வாங்கிக்கிட்டு என் கோட்டைப் பாத்துச்சு, விசிலைப் பாத்துச்சு, கப்சிப்னு வரிசையில சேந்துக்கிச்சு. நானும் நம்ம கிளாஸ் பொண்ணுன்னு நெனச்சுக்கிட்டேன். கடைசி வரைக்கும் அந்தப் பேரே நெலைச்சிடுச்சு, குருவின்னு.

இப்ப ஒண்ணு நல்லா இருக்கா, ரெண்டு நல்லா இருக்கா? திருப்பிக் காட்டுங்க. ஒண்ணு... ரெண்டு... ரெண்டும் ஒண்ணுதான் போல இருக்கு. ஒண்ணுன்னே வச்சுக்கோங்க.

மேப்பு இருக்கே மேப்பு... எனக்கு ஊர்ல இருக்கற அத்தனை ரூட்டும் அத்துப்படி சார். ஆனா இதுல ரோடே இல்ல! விரல் ரேகையாட்டம் வட்டம் வட்டமா கோடு. எவனோ மை ஒட்டின கையை வச்சு உருட்டிட்டான்னு நெனச்சேன். வேன் மலையடியில எறக்கி விட்டுச்சு, நெஜ கைடு அங்க நிப்பாங்கன்னு பாத்தா யாருமில்ல. ரெண்டு மணி நேரம் நடந்தோம், ஒரு இடத்துல வழி ரெண்டா பிரியுது. எட்டு மூஞ்சியும் என் மூஞ்சியைப் பாக்குது. குருவி ரெண்டு வாட்டி தொண்டையைக் கனைச்சுச்சு. "என்னம்மா, தொண்டை கட்டிடுச்சா? வெந்நீர் குடி"ன்னுட்டு, அகலமா இருந்த வழியைக் காட்டினேன். டிப்போ சட்டம் அது. எந்த வழி தேஞ்சிருக்கோ அந்த வழியிலதான் பஸ்ஸு போகும்.

ஆனா அது மாடு போற வழி.

சாயந்திரம் போய்ச் சேந்த இடம் எது தெரியுமா? தண்ணி பம்ப் பண்ற ஸ்டேஷன். அங்க ஒரு பம்ப் ஆபரேட்டர். மாசத்துக்கு ஒரு மனுஷ மூஞ்சி பாக்கறவரு. ஒம்போது பேரைப் பாத்ததும் அவருக்குக் கால் தரையில பாவல! பம்ப் ரூமைக் கூட்டி, சாக்கு விரிச்சு, ஸ்டவ்வைப் பத்த வச்சு... நல்ல மனுஷன். ஆனா அந்த பம்ப் இருக்கே, மணிக்கு ஒரு தடவை தானா கெளம்பும். டமடமடமன்னு. தூங்கின மாதிரியும் இருக்கும், ரயில் மேல ஏறின மாதிரியும் இருக்கும்.

நான் பயந்துக்கிட்டே இருக்கேன், இப்பக் கேப்பாங்க, இப்ப மாட்டிக்குவோம்னு. ஒருத்தன் இருக்கான் சார், நெட்டையன், வாசல்ல நின்னா நிலை இடிக்கும். அவன் வந்து, "அக்கா, பிரமாதம்! தங்கற இடம் மாறிடுச்சுன்னா எப்படி சமாளிக்கிறதுன்னு காட்டறதுக்குத்தானே இந்த ஏற்பாடு? என்னா பிளானிங்கு!"ன்னான். நோட்டு எடுத்து எழுதறான் சார்! மத்ததுங்களும் எழுதுதுங்க! தப்பான வழியில கூட்டிட்டுப் போனதுக்குப் பாராட்டு! எனக்கு சிரிப்பு வருது, அழுகையும் வருது. குருவி மட்டும் ஒரு மூலையில உக்காந்து நகத்தைக் கடிச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

மறுநாள் அந்த பம்ப்காரர்தான் ஆத்துக்கு வழி காட்டினாரு. அங்க படகுக்காரங்க தயாரா நிக்கிறாங்க. என் கோட்டைப் பாத்தாங்க. "வாங்க மேடம், நீங்க பின்னாடி உக்காருங்க"ன்னு ஒரு நீளத் துடுப்பைக் கையில குடுத்துட்டாங்க.

எனக்கு நீச்சல் தெரியாது சார். வாளித் தண்ணியில குனிஞ்சு மூஞ்சி கழுவவே யோசிப்பேன்.

தள்ளி விட்டாங்க. முதல்ல நல்லாத்தான் போச்சு. அப்புறம் தண்ணிக்கு என்னமோ கோவம் வந்துடுச்சு. படகு சுத்துது, ரங்கராட்டினம் தோத்துச்சு. நான் துடுப்பை ஆட்டறேன், அது என்னை ஆட்டுது. தூக்கி அடிச்சதுல கண்ணாடி போச்சு. ரெண்டு பாறைக்கு நடுவுல படகு சொருகி நின்னுச்சு. ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு, ஒரு பக்கம் தண்ணி ஏறுது. நெட்டையன் என் கையைப் புடிச்சுக்கிட்டு, "அக்கா சொல்லுங்க, என்ன பண்ணணும்? சொல்லுங்கக்கா!"ங்கறான். பச்சப் புள்ளை சார் அவன். எல்லாம் பெத்தவங்க வீட்டுல காத்திருக்கற புள்ளைங்க. அதுக்கு மேல முடியல எனக்கு.

கத்திட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதுடா! நான் கைடே இல்ல!"

அப்ப முன்னாடி இருந்து குருவி எழுந்திரிச்சுச்சு. "நீங்க கைடு இல்லையா? அப்ப எங்க டூர் ஆபீஸ்லேர்ந்து என்னைச் சோதிக்க வந்த பெரிய மேடம் இல்லையா?"

"யாரும்மா நீ?"

"நான்தான் கைடு!"

ஆமா சார்! அதுக்கு அன்னைக்கு வேலையில ரெண்டாவது நாள். கோட்டுகூட இன்னும் தரலியாம். என்னைப் பாத்து, மேலதிகாரி வந்திருக்காங்க, வாயைத் தொறந்தா வேலை போயிடும்னு பயந்து பின்னாடியே நடந்திருக்கு. அந்தப் பக்கத்துலயே பொறந்து வளந்த பொண்ணு, வழி தெரியும் அதுக்கு, ஒவ்வொரு கல்லும் தெரியும்! அப்புறம் போட்டுச்சு பாருங்க ஒரு சத்தம்... அந்த உடம்புக்குள்ள அந்தத் தொண்டை எங்கேருந்து வந்துச்சோ! "எல்லாரும் இடது பக்கம்! குதிங்க! இன்னொரு தடவை! அக்கா, துடுப்பை விட்டுட்டுக் கயித்தைப் புடிங்க!" குதிச்சோம். சளக்குன்னு படகு விடுபட்டுச்சு. பத்து நிமிஷத்துல கரை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்ல.

இதை மூக்குல மாட்டிப் பாக்கவா? இறுக்குது. அந்த செவப்பு ஃபிரேம் எடுங்க. அதான், அதான்.

கரையில யாரும் என்னைப் பாக்கல சார். துணியைப் புழியறாங்க, ஷூவைக் கவுக்கறாங்க. முகத்துல ஈ ஆடல ஒருத்தருக்கும். ஒரு பாறைக்குப் பின்னாடி போய் உக்காந்துட்டேன். போதும்னு தோணிடுச்சு. டிப்போல லீவு லெட்டரை வெள்ளிக்கிழமைக்குள்ள வாபஸ் வாங்கிக்கலாம். திரும்பப் போயிடலாம், விசில் ஊதிக்கிட்டு இருந்துடலாம், இந்த வயசுல இது நமக்கு எதுக்குன்னு...

அப்ப அந்தப் பக்கம் குருவி தலை எண்ணிச்சு. ஏழு. மறுபடி எண்ணிச்சு. ஏழு. "ஒருத்தர் குறையறாங்களே!"ன்னு பதறிச்சு. உடனே எல்லாம் கத்த ஆரம்பிச்சுதுங்க. "அக்கா! அக்கா எங்க? ஆத்துல விழுந்துட்டாங்களா?" நெட்டையன் திரும்பத் தண்ணிக்குள்ள எறங்கப் போறான் சார்! நான் எழுந்து வெளிய வந்தேன். கண்ணாடி இல்லையா, ஒண்ணும் சரியா தெரியல, ஏழெட்டு கலர் என்னைப் பாத்து ஓடி வருது. வந்து கட்டிப் புடிச்சுதுங்க. எல்லாம் ஈரம். அப்புறம் எவனோ ஒருத்தன், "இவங்க பம்ப் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனதை நான் நாலு பக்கம் நோட்ஸ் எடுத்தேனே!"ன்னான். அவ்வளவுதான். சிரிச்சோம் சார், சிரிச்சோம், வயிறு வலிக்கச் சிரிச்சோம். குருவி சிரிச்சதுல விக்கலே எடுத்துடுச்சு. அன்னைக்கு மாதிரி என் வாழ்க்கையில சிரிச்சதே இல்ல.

என்ன பாக்கறீங்க?... ஆமா, கேக்கலைன்னு சொன்னேன். யாரும் ஒரு வார்த்தை கேக்கலைன்னு.

கேட்டான் சார். நெட்டையன்தான் முதல்ல வந்தான் அன்னைக்கு. நானும் அவனும் மட்டும்தான் வாசல்ல. பையை எறக்கி வச்சுட்டு, நல்ல மரியாதையா, சிரிச்ச மூஞ்சியா கேட்டான். "அக்கா, நீங்களும் நம்ம பேட்ச்தானா?" ஆமான்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வார்த்தை. எனக்குத்தான் அவன் மூஞ்சியைப் பாத்து, ஆமாப்பா, நானும் உன்கூட உக்காந்து படிக்கப் போறேன்னு சொல்ல நாக்கு வரல. வெக்கம். "இல்லப்பா, நான் கைடு"ன்னுட்டேன். மத்ததுங்களுக்கெல்லாம் அவன்தான் சொல்லியிருக்கான். அவன் மேல என்ன தப்பு?

சரி விடுங்க. இந்த ஃபிரேமே போடுங்க. சாயந்திரத்துக்குள்ள ஆயிடுமா? நல்லது. என்ன, ஃபாரம் பூர்த்தி பண்ணணுமா? நீங்களே எழுதிக்கோங்க சார், கண்ணாடி இல்லாம எனக்குத்தான் எழுத்து தெரியலையே. வயசா? நாப்பத்தியொண்ணு. தொழிலா? டைம் கீப்... இல்ல இல்ல, அடிச்சிடுங்க.

மாணவின்னு எழுதுங்க.

எழுதியாச்சா? எங்க, காட்டுங்க பாப்போம்.