பம்பு நிற்கக் கூடாது

கோய் மீன்களுக்கு அளவுக்கு மீறித் தீனி போடக் கூடாது, ஐயா. பாசத்தில் அள்ளி அள்ளிப் போட்டு வயிற்றைக் கெடுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். உங்கள் ஆட்கள் இப்போது என் வீட்டுக் கொல்லைப்பக்கம் காவலுக்கு நிற்கிறார்களாமே, அவர்களிடமும் சொல்லிவைத்தால் நல்லது. மற்றபடி நீங்கள் கேட்டதற்கெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்கிறேன்.

நான் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். என் காலத்தில் தலைக்கவசம் இல்லாமல் ஓர் ஈ காக்கை அங்கே நுழைந்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு அந்தப் பழக்கம் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அடுப்புக்கு மேலே 'சூடு, எச்சரிக்கை' என்று ஓர் அட்டை மாட்டினேன். குளியலறை வாசலில் 'வழுக்கும்' என்று இன்னொன்று. கைப்பிடியைப் பிடிக்காமல் மாடியிலிருந்து இறங்கினால், மனைவியை மறுபடி ஏறி ஒழுங்காக இறங்கச் சொல்வேன். "இது வீடா, உங்க ஃபேக்டரியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள் ஒரு நாள், "பின்னால ஒரு மீன் குளம் கட்டலாமா? அதைப் பார்த்துக்கிட்டு நீங்களும் கொஞ்சம் சும்மா இருப்பீங்க" என்றாள். என் மேல் உள்ள அக்கறையில் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன்.

குளம் கட்டும் காண்டிராக்டர் ஒருவரைப் பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பிவைத்தார். நடு வயது, ஓயாத வாய். "சார், நான் கட்டின குளத்துக்கு ஒரு தவளை வந்தா திரும்பிப் போகாது. வாடகை கேட்டாலும் குடுத்துட்டு இங்கேயே இருந்துக்கும்" என்றபடிதான் முதல் நாள் உள்ளே வந்தார். காலையில் வருகிறேன் என்றால் மதியம் வருவார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தால் அவரும் தன் மணிக்கட்டைப் பார்ப்பார். அதில் கடிகாரம் இருக்காது. கையுறை கிடையாது, பூட்ஸ் கிடையாது. நான் எடுத்துக் கொடுத்த தலைக்கவசத்தில் மணல் அள்ளினார்.

வந்த ஒரு வாரத்தில் என் மனைவி அவருக்கு அக்கா ஆகிவிட்டாள். "அக்கா, டீல சக்கரை கொஞ்சம் தூக்கலா போடுங்க." "அக்கா, இந்தக் கல்லு இங்க இருக்கட்டுமா?" அவளும் தம்பி தம்பி என்று உருகினாள். என்னிடம் பேசும்போது காணாமல் போகிற பற்கள் எல்லாம் அவரிடம் பேசும்போது வெளியே வந்தன. அக்காவின் கணவரை எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அத்தான் என்று கூப்பிட்டிருக்கலாம், மாமா என்று கூப்பிட்டிருக்கலாம். எனக்கு ஆட்சேபமே இருந்திருக்காது. அவர் கடைசி வரை என்னை 'சார்' என்றுதான் கூப்பிட்டார். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

குளத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் அவர் வாங்கினார், பம்பைத் தவிர. பம்பு நான் தேர்ந்தெடுத்தது. அதை ஓடவிட்ட அன்றே டிரிப்பர் விழுந்தது. டிரிப்பர் என்பது சுவரில் இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச். எங்கேயாவது கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பை வெட்டிவிடும். அதன் அருமை பற்றி வருஷக்கணக்காக வகுப்பு எடுத்தவன் நான். காண்டிராக்டர் பம்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, என் மனைவியை வைத்துக்கொண்டு, "பம்புதான் சார் சொத்தை. மாத்திடுங்க" என்றார்.

"பம்பு நின்னா மீன் என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"அரை நாள் நின்னாக்கூட ஒண்ணும் ஆகாது சார். மீனு என்ன ஆஸ்பத்திரியிலயா படுத்திருக்கு?"

மனைவி சிரித்தாள். வாய்விட்டே சிரித்தாள்.

மீன்களையும் அவரே கொண்டுவந்து விட்டார். குளத்து மூலையில் பம்பைச் சுற்றி ஓர் இரும்புக் கூண்டு உண்டு. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, ஈரத் தரையில் மண்டியிட்டு, மறு கையைத் தீனியோடு தண்ணீருக்குள் விடுவார். அத்தனை மீனும் வந்து மொய்த்துக்கொள்ளும், விரலைச் சப்பும். நான் போய் நின்றால் என் நிழல் விழுந்த இடம் காலியாகிவிடும். நானும் முயன்று பார்த்தேன். அவரைப் போலவே மண்டியிட்டேன், அவரைப் போலவே நாக்கைத் தட்டிக் கூப்பிட்டேன். முழங்கால் வலித்ததுதான் மிச்சம்.

ஒவ்வொரு மீனுக்கும் அவர் ஒரு பெயர் வைத்திருந்தார். அதில் சாம்பல் நிறத்தில் ஒன்று, யாரிடமும் வராமல், மூலையில் தனியாக நின்று மற்றவற்றை மேற்பார்வை செய்துகொண்டிருக்கும். அதற்கு 'சார்' என்று பெயர். என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் மனைவி கொல்லைப்பக்கம் நின்று, "சார் சாப்பிட்டாரா?" என்று கேட்டது காதில் விழுந்தது. நான் கூடத்திலிருந்து, "சாப்பிட்டேன்" என்றேன். வெளியே இருவரும் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. எனக்கு வலித்தது, ஐயா. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வேலை முடிந்து அவர் போய்விட்டார். டிரிப்பர் மட்டும் தினமும் விழுந்துகொண்டிருந்தது. அது விழும்போதெல்லாம் மனைவி, "தம்பி அன்னைக்கே சொன்னாரு" என்பாள். பம்பை மாற்றியிருக்கலாம்தான். மாற்றினால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடும். அதனால் டிரிப்பரை விலக்கிவிட்டு வயரை நேராகக் கொடுத்தேன். டிரிப்பர் பார்வைக்குச் சுவரில் அப்படியே இருந்தது. அதன் பிறகு பம்பு ஒரு முறைகூட நிற்கவில்லை. "பார்த்தியா, பம்புல ஒரு குறையும் இல்ல" என்று மனைவிக்குக் காட்டினேன். கரண்ட் இருக்கிறதா என்று இரும்புக் கூண்டில் டெஸ்டர் வைத்துப் பார்த்தபோது அதன் விளக்கு எரிந்தது. மங்கலாகத்தான் எரிந்தது.

நான் பொறுப்பில்லாதவன் அல்ல. "அந்தக் கூண்டுல கை வெச்சிடாதே, துரு கிழிச்சா சீழ் வெச்சிடும்" என்று மனைவியிடம் அன்றே சொல்லிவிட்டேன். தப்பித்தவறியும் அவள் அந்தப் பக்கம் போகாதபடி குறுக்கே ஒரு சங்கிலி கட்டி, 'தொடாதே' என்று அட்டையும் மாட்டினேன். அடுத்த மாதம் காண்டிராக்டர் போன் செய்து, குளத்து ஃபில்டரைக் கழுவ வருவதாகச் சொன்னபோது, சங்கிலியையும் அட்டையையும் கழற்றி உள்ளே வைத்தேன். அவர் என் அட்டைகளைக் கேலி செய்கிறவர். எதற்கு வீண் பேச்சு என்று நினைத்தேன்.

அன்று ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வந்தார். "தம்பி, உக்காரு, டீ கொண்டுவரேன்" என்று மனைவி உள்ளே போனாள். அவர் சுவரில் இருந்த டிரிப்பரை ஒரு பார்வை பார்த்தார்.

"இப்பல்லாம் விழறதில்லையா சார்?"

"இல்லை."

"பம்பை மாத்திட்டீங்களா? நல்லதாப் போச்சு."

நான் பதில் சொல்லவில்லை. பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. அவர் மண்டியிட்டு, ஒரு கையைத் தண்ணீருக்குள் விட்டு நாக்கைத் தட்டினார். மீன்கள் வந்தன. அன்று அந்தச் சாம்பல் மீன்கூட மூலையை விட்டு அவரை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்தது. "பாருங்க சார், சாரே வராரு" என்று சிரித்தபடி மறு கையால் கூண்டைப் பிடித்தார்.

இப்படிப்பட்ட நேரத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்கள். எனக்கு இரண்டும் நன்றாகவே ஓடின. வகுப்பில் நான் சொல்லித்தரும் முதல் விதி, கரண்ட் பிடித்தவரைத் தொடக் கூடாது. நான் தொடவில்லை. இரண்டாவது விதி, மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். நேராக நடந்து போய் அதன் மேல் கையும் வைத்துவிட்டேன். அப்போதுதான் மீன்களின் நினைவு வந்தது. மெயினை அணைத்தால் பம்பு நிற்கும். பம்பு நின்றால் தண்ணீரில் காற்று குறையும். அவை வாயில்லா ஜீவன்கள். மனிதன் என்றால் வாயைத் திறந்து உதவி கேட்கலாம். அவர் கேட்கவில்லை.

மனைவி டீயோடு வந்தாள். டம்ளர் கீழே விழுந்தது. ஓடிவந்து, சுவிட்சின் மேல் இருந்த என் கையோடு சேர்த்து அழுத்தி அதை அணைத்தாள். "நீங்க இங்கயேதான நின்னீங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. ஆம்புலன்ஸில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள்தான் போனாள். அது தெருமுனை திரும்பியதும் நான் உள்ளே வந்து பம்பை ஓடவிட்டேன். பிறகு கொட்டிக்கிடந்த டீயைத் துடைத்தேன். யாராவது வழுக்கி விழுந்துவிடக் கூடாது அல்லவா. வழியிலேயே உயிர் போய்விட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார்.

என் மனைவி இப்போது காண்டிராக்டர் வீட்டில்தான் இருக்கிறாளாம். அவருடைய மகள் அவளை 'அத்தை' என்று கட்டிக்கொண்டு அழுகிறாளாம். அப்படிப் பார்த்தால் நான் அந்தப் பெண்ணுக்கு மாமா முறை ஆகிறேன். இதையும் தகவலுக்காகத்தான் சொல்கிறேன்.

அந்த வயரைக் கண்டுபிடித்துவிட்டதாக உங்கள் எலெக்ட்ரீஷியன் பெருமைப்பட்டாராம். கேட்டிருந்தால் நானே காட்டியிருப்பேன். வயரை மாற்றியது நான். சங்கிலியைக் கழற்றியது நான். சுவிட்சில் கை வைத்துக்கொண்டு சும்மா நின்றதும் நான்தான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பொறாமையில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். பம்பு நிற்கக் கூடாதே என்றுதான் யோசித்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லை. மீன்கள் காலையிலிருந்து சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. தீனியை எடுத்துக்கொண்டு போய், கூண்டைப் பிடித்து, மண்டியிட்டு, தண்ணீருக்குள் கையை விட்டேன். முதலில் வந்தது அந்தச் சாம்பல் மீன்தான். அதன் பின்னாலேயே எல்லாம் வந்தன, விரலைச் சப்பின. இருட்டும் வரை அப்படியே இருந்தேன். என் ஆயுசில் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை, ஐயா. ஆபத்து ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். மெயினை அணைத்துவிட்டுத்தான் கையை விட்டேன். பம்பு அவ்வளவு நேரமும் நின்றுதான் கிடந்தது. மீன்கள் நன்றாகத்தான் இருந்தன.