மூன்றாம் ரீலில் இருந்த பாட்டு

பழைய படமென்றால் எனக்கு உயிர், ஐயா. இப்போது பார்த்தால் பாட்டு அதிகம், நடிப்பும் கொஞ்சம் கூடுதல்தான். அதை ஒப்புக்கொள்கிறேன்.

திருமுல்லைவாயில் டெண்டுக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கும் தங்கவேல் நான். எழுபத்தொன்றாம் வருஷம், இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ராஜா ராணிப் படம் ஒன்று வந்தது. அதன் மூன்றாம் ரீலில் ஒரு சபை நடனம். பின்வரிசையில் ஆடும் எட்டுப் பெண்களில் ஒருத்தி என் மனைவி கெங்கம்மாள். கல்யாணத்துக்கு முன்பு ஆடியது. அவள் செத்து அப்போது ஐந்து வருஷம். வீட்டில் அவளுடைய போட்டோ ஒன்றுகூடக் கிடையாது.

முதல் நாள் அந்தப் பாட்டு வந்ததும் ஜனம் விசிலடித்தது. ஜிகினா உடையும் கண் உருட்டலும் அவர்களுக்கு வேடிக்கை. "இன்னாடா, மாவாட்டுதுங்களா?" என்று ஒருவன் கத்தினான். கொட்டகையே சிரித்தது.

மறுநாள் அந்தப் பாட்டே வரவில்லை. அதற்கடுத்த நாள் பகலில் ஆபரேட்டர் தேவராஜின் தகர அறைக்குப் போனேன். கெங்கம்மாள் கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டவன் அவன். பிலிம் சுற்றிக்கொண்டிருந்தான்.

"பாட்டு எங்கேடா?"

"வெட்டிட்டேன் அண்ணாத்தே. அண்ணி ஆட்டத்தைப் பாத்து சிரிக்கிறானுங்க, எனுக்கு மனசு கேக்கல. எவன் கையிலயும் சிக்கக் கூடாதுன்னு கொளுத்திட்டேன்."

அந்தக் காலத்துப் பிலிம் வெடிமருந்து போலப் பற்றும். கையிலிருந்த பீடியை அவிழ்ந்து கிடந்த சுருளின் மேல் போட்டேன். வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டேன்.

"அண்ணாத்தே, கதவு மாட்டிக்கினுது, தொற!" என்று தட்டினான். பூட்டியது நான் என்று அவனுக்குக் கடைசிவரை தோன்றவில்லை. தட்டுவது நின்ற பிறகு திறந்தேன். என் கையும் வெந்தது. காப்பாற்றப் போனவன் என்று ஊரே என்னைப் பாராட்டியது.

அவள் முகத்தைக் கொளுத்தியவனைத்தான் கொளுத்தினேன் என்று ஏழு வருஷமாக எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பொய், ஐயா. அவன் கொளுத்தியதைச் சொன்னபோது எனக்குக் கோபமே வரவில்லை. நான் பீடியைப் போடுவதற்கு முன், அவன் தலை நிமிராமல் இன்னொன்றும் சொன்னான்.

"நீயும்தான் சிரிச்சே அண்ணாத்தே. மிஷின் ரூம் ஓட்டை வழியா பாத்தேன்."

சிரித்தேன். அவள் என் பெண்டாட்டி என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று, எல்லோருக்கும் முந்தி நான்தான் சிரித்தேன்.

அவள் யார் என்று தெரிந்து அதைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.