மாத்திரை உறையோடு வாசலில் நின்றவர்

மேடையில் இருக்கும் மருத்துவர் உமாமகேஸ்வரி அவர்களே, துயரத்தோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும், நாகலெட்சுமி அம்மையாரின் கணவர் சேதுபதி அவர்களே, புதுமடத்திலிருந்தும் அக்காள்மடத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் குருதிக் கொடையாளர்களே! எல்லோருக்கும் என் ஸலாமும் வணக்கமும்.

'நம் கொடையாளர் சங்கத்தின் தலைவர் பாக்கர், நாற்பத்தொரு முறை ரத்தம் கொடுத்தவர்' என்று என்னை இப்போது அறிமுகப்படுத்தினார்கள். அதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ரத்த வங்கி லேப் டெக்னீசியன் நாகலெட்சுமி அம்மையாரை நாம் என்ன பெயரிட்டு அழைத்தோம்? மாத்திரைக்கார அம்மா! முகாம்தோறும் இரும்புச்சத்து மாத்திரைகளை உறையில் போட்டு, பெயர் எழுதி நீட்டுவார். நாம் வாங்கினோமா? வயிற்றைக் கட்டுகிறது என்றோம். மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்தோம். வாங்கிய ஒன்றிரண்டு பேரும் நாம் கொடுத்த டீயோடு சேர்த்து விழுங்கினார்கள். டீ குடித்தால் மாத்திரை உடம்பில் சேராது என்று அவர் தலைதலையாய் அடித்துக்கொண்டார்.

என்னிடம் ஒருமுறை சொன்னார்: "அண்ணே, வருசத்துக்கு நாலு தடவ குடுக்குறீக. போன இரும்பு தானா வந்துருமா? மூணு மாசம் தின்னு பாருங்க."

"மீனு திங்கிற உடம்புக்கு எதுக்கும்மா இது? மாசமா இருக்குற பிள்ளைகளுக்குக் குடும்மா" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். அதோடு விட்டேனா? மாத்திரையைக் கண்டால் புதிதாக வருகிறவன் பயந்து ஓடிவிடுவான் என்று சொல்லி, பந்தலுக்குள் அவர் மேசை போடக் கூடாது என்றேன். அவர் கோபிக்கவில்லை. வாசலில் வெயிலில் நின்று கொடுத்தார்.

சென்ற மாதம் உச்சிப்புளி சாலையில் அவருடைய ஸ்கூட்டி மீது வேன் மோதியது. அவருக்கு ஓ நெகட்டிவ். இருப்பில் இருந்த ரத்தம் ஏற்றியும் போதவில்லை. நம் பட்டியலில் அந்த வகை மூன்றே பேர். ஒருவர் துபாயில், இன்னொருவர் பத்து நாளுக்கு முன்புதான் கொடுத்தவர், மூன்றாவது ஆள் நான். ஓடினேன். அவரிடம் தொழில் பழகிய தம்பி இமானுவேல்தான் என் விரலைக் குத்திப் பார்த்தார். ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் பன்னிரண்டரை இருக்க வேண்டும். எனக்குப் பதினொன்றுதான்.

"பத்தலண்ணே" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே.

மதுரையிலிருந்து ரத்தம் வந்து சேர்ந்தபோது அம்மையார் இல்லை. என் ரத்தம் கிடைத்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அவர்களுக்கு நன்றி. ஆனால் என் மனம் ஆறவில்லை. சேதுபதி அவர்களே, உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். 'பாக்கர் அண்ணன்' என்று அவர் கைப்பட எழுதிய உறை பிரிக்காமல் கிடந்தது. மாத்திரை காலாவதியாகிவிட்டது.

நண்பர்களே, இனி நம் முகாம்களில் மாத்திரை மேசை பந்தலின் நடுவில் இருக்கும். மருத்துவரிடம் காட்டி, அளவு கேட்டு, நாமே சாப்பிடுவோம். டீ அப்புறம்தான். எனக்கு டாக்டரம்மா எழுதித் தந்த புது மாத்திரையின் முதல் ஒன்றை, இதோ, உங்கள் முன்னால் விழுங்குகிறேன்.

மூன்று மாதம் கழித்துத் தம்பி இமானுவேல் மறுபடி என் விரலைக் குத்தட்டும். அன்று நான் கொடுக்கும் ரத்தம் யாருக்குப் போனாலும், தாயே, அது உங்களுக்கு நான் கொடுக்காமல் விட்டது.