ஒரு பந்தும் அடிக்காத டிப்

— அஞ்சே முக்காலுக்கு எந்திரிச்சேன். பல் தேச்சேன். குளிச்சேன். காப்பி போட்டேன், குடிச்சேன், டம்ளரக் கழுவிக் கவுத்தேன். மேஜையத் தொடச்சேன். நீ பெல் அடிச்ச.

— மாமா, நல்லா இருக்கீங்களான்னு கேட்டேன். டைம்டேபிளா கேட்டேன்?

— நல்லா இருக்கேன்.

— அதெப்படி, மூஞ்சி அப்படிச் சொல்லலையே. சாப்பிட்டீங்களா?

— பிரட்.

— ஜாம் தடவியா, வெறும் பிரட்டா?

— பிரட்.

— சரி சாமி, நான் ஒண்ணும் விசாரணைக் கமிஷன் இல்ல. அக்காவோட ஸ்னூக்கர் ஸ்டிக் எங்க?

— கதவுக்குப் பின்னாடி. பைலதான் இருக்கு.

— தூசியே இல்ல. தொடச்சு வெச்சீங்களா?

— நேத்து.

— இந்த எடத்துல மட்டும் பாருங்க, எப்படி வழவழன்னு ஆயிடுச்சு. அவ கை பட்டுப் பட்டுத் தேஞ்சது. பதினோரு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் வெளிய வருது. அஞ்சு மணிக்கு மேட்ச் மாமா. டீம்ல அவ நின்ன எடத்துல நான்.

— அதான் காலைலயே வரச் சொன்னேன். பசை காய நேரம் வேணும்.

— என்ன பசை? நுனில இருக்கற தோல் டிப்பு புதுசாத்தானே இருக்கு. ஒரு பந்து கூட அடிக்கல. சாக்பீஸ் தேச்ச நீலம் கூடப் படல.

— அத மாத்தணும்.

— எதுக்கு?

— சரியா ஒட்டல.

— யாரு ஒட்டினது?

— நான்.

— இருங்க, மேஜைல உருட்டிப் பாக்கறேன். மாமா, இது கொஞ்சங்கூட ஆடல. ஆணி அடிச்ச மாதிரி நேரா நிக்குது. எங்க கிளப்புல டேபிள் பாத்துக்கற அண்ணன் இருபது வருஷமா டிப் ஒட்டறார். அவர் ஒட்டினது கூட இப்படி நிக்காது.

— மாத்தணும்.

— அதெப்படி, நல்லா இருக்கறதப் போயி? நான் இதுலயே ஆடறேன்.

— இதுல நீ ஆட வேண்டாம்.

— அப்ப அந்த அண்ணன்கிட்ட குடுத்துடுவோம். அவர்கிட்ட கிளாம்ப் இருக்கு, எல்லா சாமானும் இருக்கு.

— நான்தான் பண்ணணும். நீ கூட இரு. அவ்ளோதான்.

— முடிவு பண்ணிட்டுத்தான் கூப்பிட்டிருக்கீங்க.

— ஆமா. வாலு, ஜன்னலத் திற.

— வெயில் மூஞ்சில அடிக்கும்.

— பசை நெடி கண்ணுல ஏறும். திற. அந்தக் கண்ணாடியையும் மாட்டிக்க.

— இத மாட்டினா வெல்டிங் பட்டறைக்கு வேலைக்கு வந்த மாதிரி இருக்கு.

— டிப்பு துண்டு தெறிச்சா கண்ணுக்குத்தான் வரும். மாட்டிக்க.

— மாட்டியாச்சு. வாலுன்னு கூப்பிட்டீங்க. அக்கா போனதுக்கப்புறம் அந்தப் பேர யாரும் சொல்லல.

— டேப்ப எடு. மரத்துல சுத்து. டிப்புக்குக் கீழ வெள்ளை வளையம் இருக்குல்ல, அதையும் சேத்து. ஓரம் வரைக்கும். பிளேடு அதுல படக்கூடாது.

— சுத்தியாச்சு. பிளேடு குடுங்க, நானே எடுக்கறேன். என் ஸ்டிக்தானே இனிமே.

— இந்தா. நில்லு. பிளேடு எங்க போகுது பாரு.

— டிப்பப் பாத்து.

— உன் கட்டை விரலப் பாத்து. வழுக்கினா அங்கதான் வந்து நிக்கும். விரலப் பின்னாடி கொண்டு வா. உன்கிட்டேருந்து வெளிப்பக்கமாத் தள்ளு. ஒரே அமுக்கா அமுக்காத. கொஞ்சம் கொஞ்சமா.

— அக்காவா இருந்தா இந்நேரம் "குடுடி இங்க, கொன்னுடுவேன்"னு பிடுங்கியிருப்பா.

— ம்.

— லிஃப்ட் வரலன்னாலும் கொன்னுடுவேன். குழம்புல உப்பு கம்மின்னு சொன்னாலும் கொன்னுடுவேன். அவ சொன்னதெல்லாம் செஞ்சிருந்தா இந்தத் தெருவுல ஒரு ஆள் மிஞ்சியிருக்க மாட்டாங்க.

— பிளேடப் பாரு.

— பாத்துட்டுத்தான் இருக்கேன். வர மாட்டேங்குது மாமா. கல்லு மாதிரி பிடிச்சிருக்கு. இதப் போயி சரியா ஒட்டலன்னீங்களே?

— குடு.

— மெதுவா. உங்க விரலப் பாத்து.

— வந்துடுச்சு.

— எங்க, குடுங்க பாக்கலாம். எதுக்கு சட்டைப் பைல போடறீங்க?

— சும்மா. புது டிப்ப எடு. அடிப்பக்கத்தத் தேய்க்கணும். உப்புத்தாளக் கைல பிடிச்சுத் தேய்க்காத, ஓரம் உருண்டுடும். மேஜைல விரிச்சு வெச்சு, அது மேல டிப்ப வெச்சு, எட்டு எழுதற மாதிரி ஓட்டு. நான் வளையத்துல பழைய பசையச் சுரண்டறேன். துளி கூட மிச்சம் இருக்கக்கூடாது. இருந்தா புதுசு பிடிக்காது.

— இருங்க, போன் அடிக்குது. கேப்டன். ஹலோ, சொல்லுங்க கேப்டன். வரேன். ஆமா, உறுதியா வரேன். அக்கா ஸ்டிக்லதான். இல்ல, போன தடவ மாதிரி பாதில போக மாட்டேன். வெக்கறேன்.

— என்னவாம்?

— நான் வருவேனா மாட்டேனான்னு அவங்களுக்கு சந்தேகம். நான் இல்லன்னா நாலு பேர் ஆகாது, டீமே வெளிய. சந்தேகப்படறதுல தப்பில்ல. போன மாசம் ரெண்டு தடவ போனேன் மாமா. குனிஞ்சேன். பந்து தெரியல.

— கண்ணா?

— கண்ணு நல்லாத்தான் இருக்கு. பந்துக்கு பதிலா என் போன்தான் தெரிஞ்சுது. ஏழு நாப்பத்தெட்டு. ஸ்டிக்க அப்படியே சாத்தி வெச்சிட்டு வந்துட்டேன். இன்னைக்கு ஆடலன்னா இனிமே ஆடவே மாட்டேன். அது எனக்கு நல்லாத் தெரியும்.

— இரு. பசை போடப் போறேன்.

— பாத்தீங்களா. இதான். ஏழு நாப்பத்தெட்டுன்னு சொன்னாலே உங்களுக்கு ஒரு வேலை வந்துடும்.

— போன்ல மூணு நிமிஷம் டைமர் வை.

— டப்பாவுல ஒரு நிமிஷம்னு போட்டிருக்கு.

— மூணு. வெச்சிட்டுக் கைய எடுத்துக்க, பசை பக்கத்துல விரல் வராத. பட்டுட்டா பிச்சு இழுக்காத, தோல் வந்துடும். நெயில் பாலிஷ் எடுக்கற பாட்டில் அங்க இருக்கு, பஞ்சுல நனைச்சு மெதுவாத் தேய்க்கணும்.

— அது அக்கா பாட்டில்.

— ஆமா. ஒரு சொட்டு போதும். இப்படி. டிப்ப நடுவுல வெச்சு, மேல இந்தக் கட்டைத் துண்டு. அழுத்தறேன். ஆரம்பி.

— ஓடுது. மாமா, இப்ப நீங்க கைய எடுக்க முடியாதுல்ல?

— முடியாது.

— நல்லது. நான் எப்ப கேட்டாலும் அடுப்புல பால் பொங்கும், இல்லன்னா கீழருந்து யாரோ கூப்பிடுவாங்க. இப்ப எங்க போவீங்க?

— எங்கயும் போகல. கேளு. அதுக்குத்தான் வரச் சொன்னேன்.

— அன்னைக்கு எல்லார்கிட்டயும் என்ன சொன்னீங்க? அக்கா தூங்கிட்டு இருந்தா, நீங்க குளிச்சிட்டு இருந்தீங்க, வந்து பாத்தா பேச்சு மூச்சில்லன்னு. எங்கம்மாகிட்ட அதத்தான் சொன்னீங்க. டாக்டர்கிட்டயும் அதத்தான்.

— ஆமா.

— அவ போன்லேருந்து எனக்குக் கூப்பிட்டிருக்கா. ஏழு நாப்பத்தெட்டுக்கு. மணி அடிச்சது எனக்குத் தெரியும் மாமா. "இவளுக்கு வேற வேலையில்ல"ன்னு கட் பண்ணிட்டுப் போர்வைய இழுத்து மூடிக்கிட்டேன். தூங்கிட்டு இருந்தவ எப்படிக் கூப்பிடுவா? வலில முழிச்சிருக்கா. நீங்க பாத்ரூம்ல. அவளுக்கு இருந்தது நான் ஒருத்திதான். நான் கட் பண்ணேன். பதினோரு மாசமா இதான் என் மண்டைல ஓடுது. ஏதாவது சொல்லுங்க.

— அவ தூங்கல.

— என்ன?

— நான் குளிக்கவும் இல்ல.

— மாமா, என்ன சொல்றீங்க?

— இதே மேஜை. நான் இங்க. அவ இப்ப நீ உக்காந்திருக்கற எடத்துல. அன்னைக்கு அவளுக்கு மேட்ச். டிப்பு தேஞ்சு போச்சு. நான் மாத்தித் தரேன்னு வீம்பு பிடிச்சேன். நாலு நாள் வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன். அவளுக்கு ஒரே சிரிப்பு. உனக்குக் கூப்பிட்டா. "எங்க வீட்டு இன்ஜினியர் டிப் ஒட்டறார், வந்து வேடிக்கை பாரு"ன்னு சொல்லணுமாம். நீ கட் பண்ண. "தூங்குமூஞ்சி, தூங்கட்டும்"னு போன வெச்சா.

— வலில இல்லையா?

— அப்ப ஒரு வலியும் இல்ல. நான் பசையே இன்னும் போடல.

— சிரிச்சிட்டா கூப்பிட்டா?

— சிரிச்சிட்டுத்தான்.

— இத ஏன் மாமா சொல்லல? ஒரு வார்த்தை. அன்னைக்கே சொல்லியிருந்தா நான் மனுஷியா இருந்திருப்பேனே.

— இதச் சொன்னா மிச்சத்தையும் சொல்லணும்.

— என்ன மிச்சம்?

— மணி என்ன ஓடுது?

— இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு. என்ன மிச்சம்?

— பசை போட்டு அழுத்த ஆரம்பிச்சேன். இதே மாதிரி. கொஞ்ச நேரத்துல தலையப் பிடிச்சிக்கிட்டா. "யாரோ பின்மண்டைல அடிச்ச மாதிரி வலிக்குது"ன்னா.

— நீங்க என்ன பண்ணீங்க?

— "இரு, ரெண்டு நிமிஷம்"னேன்.

— போகலையா?

— கைய எடுக்கல.

— ஒரு டிப்புக்காகவா?

— டிப்புக்காக. அவ உள்ள போனா. நான் மணியப் பாத்துக்கிட்டு அழுத்தினேன். நேரம் முடிஞ்சும் போகல. வழிஞ்ச பசையத் தொடச்சேன். உருட்டிப் பாத்தேன். ஆடவே இல்ல. சந்தோஷமா இருந்துச்சு. "வந்து பாரு, நேரா நிக்குது"ன்னு கூப்பிட்டேன். ரெண்டு தடவ.

— மாமா.

— ரெண்டாவது தடவ கோபமாக் கூப்பிட்டேன்.

— போதும்.

— அப்புறமா டாக்டர்கிட்ட தனியாப் போயி எல்லாத்தையும் சொன்னேன். அஞ்சு நிமிஷம் முன்னாடி பாத்திருந்தா பிழைச்சிருப்பாளான்னு கேட்டேன். சொல்ல முடியாதுன்னார். மூளைல ரத்தக்குழாய் வெடிச்சா பல சமயம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாதாம். பல சமயம்னார். எப்பவும்னு சொல்லல.

— உங்க சட்டைப் பைல இருக்கறது அந்த டிப்பா?

— ஆமா. அத வெச்சு நீ ஆட வேண்டாம். அந்தப் போனச் சுமந்துக்கிட்டும் ஆட வேண்டாம். ரெண்டையும் இன்னைக்கு எடுத்துடணும்னு முடிவு பண்ணேன்.

— எனக்கு உங்க மேல கோபம் வருது மாமா.

— வரட்டும்.

— அடிக்கணும் போல இருக்கு. கட்டிப்பிடிச்சு அழணும் போலவும் இருக்கு. ரெண்டும் இப்ப முடியாது, நீங்க ஸ்டிக்கப் பிடிச்சிட்டு இருக்கீங்க.

— ஆடுவியா?

— ஆடுவேன். அஞ்சு மணிக்கு அங்க நிப்பேன். தோத்தாலும் கடைசிப் பந்து வரைக்கும் ஆடிட்டுத்தான் வருவேன்.

— சரி. மத்தியானம் வரைக்கும் இதத் தொடாத. அப்புறம் ஓரத்தச் சீவி, தலைய உருண்டையாத் தேச்சுத் தரேன்.

— போன் அடிக்குது. மூணு நிமிஷம் ஆச்சு. கைய எடுங்க.

— ம்.

— மாமா, முடிஞ்சுது. எடுங்க. விரலெல்லாம் வெளுத்துப் போச்சு.

— எடுக்க வரல.

— பசை பட்டுடுச்சா? பஞ்சு எடுக்கட்டா?

— பசை படல.

— அப்புறம் என்ன?

— தெரியல. வரல.

— சரி, இருங்க. எடுக்க வேணாம். நானும் கீழ பிடிச்சிக்கறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. "ரெண்டு நிமிஷம் இரு"ன்னீங்க. அதுக்கு எங்கக்கா ஒண்ணுமே சொல்லாமயா உள்ள போனா? அவ வாய் அப்படிச் சும்மா இருக்காதே.

— நான் பாதி எழுந்தேன். தோள அமுக்கி உக்கார வெச்சா.

— என்ன சொன்னா?

— "கைய எடுத்தே, கொன்னுடுவேன். நேரா ஒட்டு. மாத்திரை நானே எடுத்துக்கறேன்."